டேப்பை விடு, திருகைத் தொடு

வாடா கண்ணு, வா. வேன் எடுத்தாச்சு, டேங்க் ஏத்தியாச்சு, கண்ணாடி கழுவ முப்பதடி கார்பன் கம்பும் வாங்கியாச்சு. அவிநாசி ரோட்டுக் கண்ணாடிக் கட்டடமெல்லாம் இனி உன்னை நம்பித்தான் மினுங்கோணும்.

ஆனா தண்ணி ஜாஸ்தின்னு ஹோஸ் டேப்பைப் பாதி நெரிக்கிறியே, அது எந்த ஊர் வித்தை? கேட் வால்வு திருகின தாத்தனோட பேரன், கை அங்கதான் போவும். நம்ம கிணத்து மோட்டார் சுத்தி வீசுற ரகம். நெரிச்சா தண்ணியும் கொறையும், கரண்டு இழுவையும் கொறையும். உன் 12 வோல்ட் டயாஃப்ரம் பம்பு வேற ரகம் சாமி. உள்ள இருக்கிற ரப்பர் சவ்வு அடிக்கு அடி அளந்து தள்ளும். வழியை நெரிச்சா பிரஷர் ஏறும், கரண்டு கூட இழுக்கும், கடைசியில பிரஷர் சுவிட்ச் அணைக்கும்; பிரஷர் எறங்கினதும் மறுபடி போடும். அந்த டக்கு டக்குச் சத்தத்தைத்தான் "பம்பு ஜோரா ஓடுது தாத்தா"ன்னு பீத்திக்கிட்டே.

காசு குடுத்து கன்ட்ரோலர் வாங்கினியே, அது என்ன வேனுக்கு திருஷ்டிப் பொம்மையா? கரண்டை விட்டு விட்டுக் குடுத்து மோட்டாரையே மெதுவாச் சுத்த வைக்கிற பெட்டி அது. அதோட திருகைத் தொடு. கம்பு நுனி பிரஷ்ஷுக்கு நிமிஷத்துக்கு 1 லிட்டர், 2 லிட்டர் தாராளம். போர் உப்புத்தண்ணியை ஆர்.ஓ.வுல விட்டு, ரெசின்ல விட்டு, டி.டி.எஸ். பூஜ்ஜியமாக்கினாத்தான் துடைக்காம விட்டாலும் கண்ணாடியில வெள்ளைப் புள்ளி விழாது. ஆர்.ஓ. கழிச்சு விடுற தண்ணி வேற தனியா ஓடுது. அத்தனை பாடுபட்டு எடுத்த தண்ணியில பிளாட்பாரத்துக்கு எதுக்கு எண்ணெய்க் குளியல் கணக்கா அபிஷேகம்?

அதுக்காகச் சொட்டுச் சொட்டா விட்டுக் கஞ்சத்தனமும் பண்ணாதே. தேய்ச்ச அழுக்கு கழுவி எறங்கோணும். கடைசி அலசலுக்குத் திருகை ஒரு புள்ளி ஏத்திக்க.

ஜன்னல் மாறி நிக்கையில டேப்பை முழுசா மூடலாம், தப்பில்லே. தண்ணி போக வழியில்லேன்னு கரண்டு ஏறுறதை வெச்சே மோப்பம் பிடிச்சு கன்ட்ரோலர் பம்பை நிறுத்தும். அது 'டெட் எண்ட்'னு காட்டினதுக்குப் பம்பே செத்துப்போச்சுன்னு மெக்கானிக்குக்குப் போன் போட்டியாமே!

டேப் தெறந்திருக்கும்போதே பம்பு நின்னு நின்னு போச்சுன்னா கன்ட்ரோலரோட காலிபரேஷன் தப்பு. டேப்பை மூடியும் நிக்கலேன்னாலும் அதே தப்புத்தான். 100 மீட்டர் ஹோஸைக் கழட்டி 50 மீட்டர் போட்டா, அன்னைக்கே மறுபடி காலிபரேஷன் பண்ணிரு.