வாசலில் வாங்கி வைத்த தீப்பெட்டி

எண்பதுகளின் நடுவில் இந்தூர் பக்கம் சோயா எண்ணெய் எடுக்கும் ஒரு சால்வன்ட் பிளான்ட்டில் ஷிஃப்ட் இன்ஜினியராகச் சேர்ந்தேன். மழைக்காலத்தில் தரிசாகக் கிடந்த மாளவத்துக் கரிசல் நிலத்தில் சோயா பரவிக்கொண்டிருந்த காலம். பீடியையும் தீப்பெட்டியையும் வாசலிலேயே காவலாளி வாங்கி வைத்துக்கொள்வார். எண்ணெயைக் கரைத்தெடுக்கும், எளிதில் தீப்பற்றும் திரவமான ஹெக்சேன் இருக்கும் பகுதிக்குள் இரும்புச் சுத்தியல் வரக் கூடாது. பொறி பறக்காத பித்தளைக் கருவிகள்தான்.

எள்ளிலும் நிலக்கடலையிலும் ஏறக்குறைய பாதி எண்ணெய், செக்கே போதும். சோயாவில் ஐந்தில் ஒரு பங்குதான். எக்ஸ்பெல்லரில் நசுக்கினாலும் புண்ணாக்கில் ஐந்தாறு சதவீதம் தங்கிவிடும். பருப்பை உடைத்து, சூடேற்றி, அவல்போலத் தட்டையாக்கி ஹெக்சேனில் ஊறவிட்டால் மிச்சம் ஒரு சதவீதத்துக்கும் கீழே போய்விடும். எண்ணெயும் ஹெக்சேனும் கலந்து வரும் மிசெல்லாவைக் காய்ச்சினால், சுமார் 69 டிகிரியில் கொதிக்கும் ஹெக்சேன் ஆவியாகிப் பிரியும். அதைக் குளிரவைத்து மறுபடி பயன்படுத்துவோம்.

அந்த ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனம். பள்ளத்திலும் வடிகாலிலும் தேங்கும். 1981 பிப்ரவரியில் அமெரிக்காவின் லூயிவில் நகரில், சோயா ஆலையிலிருந்து சாக்கடைக்குள் போன ஹெக்சேன் வெடித்து இரண்டு மைலுக்கு மேல் தெருக்கள் பிளந்தன. எங்கள் மூத்த போர்மேன் புதியவர்களுக்குச் சொல்லும் முதல் பாடம் அதுதான்.

அன்று அச்சம் ஆலைக்குள் இருந்தது. இன்று அடுப்படிக்கு வந்துவிட்டது. "மாமா, பெட்ரோல்ல எடுக்கிற எண்ணெயாமே?" என்றாள் மருமகள். ஹெக்சேன் பெட்ரோலியத்திலிருந்து வருவது உண்மைதான். ஆனால் சுத்திகரித்த எண்ணெயில் அது 5 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டு உணவுச் சட்டம்.

சக்கையின் கதையும் மாறிவிட்டது. ஹெக்சேனை ஓட்டி, வறுத்து எடுத்த சோயாப் புண்ணாக்கில் பெரும்பகுதி அன்று கப்பலேறியது. இன்று நாமக்கல் கோழிகளுக்கு அது முக்கியத் தீவனம். தட்டுப்பாடு வந்து, 2021-இல் 12 லட்சம் டன் இறக்குமதிக்கு அரசே அனுமதி தந்தது. எண்ணெயை ஒதுக்கிய வீட்டிலும் முட்டை வழியாக அந்த ஆலையின் உழைப்பு தட்டுக்கு வருகிறது.

அந்த ஆலையில் உழைப்பவர்கள் ஹெக்சேன் ஆவியை நெடுநாள் சுவாசித்தால் நரம்பு கெட்டுக் கைகால் மரத்துப்போகும். புட்டியில் எவ்வளவு ஹெக்சேன் என்று கேட்பது நியாயம். ஆலைக் காற்றில் எவ்வளவு என்றும் நாம் கேட்க வேண்டும். அதை ஒவ்வொரு ஷிஃப்ட்டிலும் அளந்து எழுத வேண்டும்; ஒப்பந்தத் தொழிலாளிக்கும் ஆண்டுதோறும் நரம்புப் பரிசோதனை செய்ய வேண்டும்.