சுறாவுக்கு வாய்க்கட்டு

வேலைத்தல விபத்துக்கு விசாரணை அறிக்கை எழுதுவது எப்படி என்று பாடம் எடுக்க இலங்கைக் கொம்பனிகள் வெளிநாட்டில் இருந்து ஆள் கூப்பிடத் தேவையில்லை. மன்னார்க் கரையில், சிலாவத்துறைக்குப் பக்கத்தில், கொண்டச்சி இருக்கிறது. பாடம் அங்கே 1797இலேயே தயார்.

அது முத்துச் சலாபம் நடந்த கரை. குளியாட்களின் பாதுகாப்புக்கு ஒரு பதவி இருந்தது: கடல்கட்டி. மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டுவது அவர் வேலை. பரம்பரை உத்தியோகம், அரச சம்பளம். அவர் கட்டாமல் ஒரு குளியாளும் கல்லைப் பிடித்துக் கடலில் இறங்கமாட்டான்.

அந்தக் காலத்தில் கொண்டச்சிக்குப் போன ஆங்கிலப் படை அதிகாரி றொபேட் பேர்சிவல், 1803இல் வெளியிட்ட தன் இலங்கை நூலில் ஒரு சம்பவம் சொல்கிறார். அவர் போய்ச் சேரச் சற்று முன்னர் ஒரு குளியாளின் காலைச் சுறா கொண்டுபோய்விட்டது. தலைமைக் கடல்கட்டியைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டார்கள். அவர் தயங்கவே இல்லை. தன்மேல் வன்மம் வைத்த சூனியக்காரக் கிழவி ஒருத்தி மலையாளக் கரையில் இருந்து வந்து எதிர்மந்திரம் போட்டுவிட்டாளாம். விஷயம் தனக்குத் தெரியவரும்போது காரியம் மிஞ்சிவிட்டதாம். இனிமேல் சுறா எதிரே வந்தாலும் வாய் திறக்காதாம். சரி என்றார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அந்தப் பதவி நீடித்தது.

இன்றைக்கு அந்தக் கரைப் பெடியன்களுக்குச் சலாபம் இல்லை. கொழும்புப் பண்டகசாலைகளும் கட்டாரும் துபாயும்தான். சுறாவும் உருமாறிவிட்டது: மஞ்சள் நிறம், நாலு சில்லு, முன்னால் இரண்டு இரும்புக் கவை. போர்க்லிஃப்ட்.

இரண்டரைத் தொன் தூக்கும் வண்டி வெறுமனே நின்றாலே அதைவிடப் பாரம். காருக்கு முன்சில்லு திரும்பும், இதற்குப் பின்சில்லு. திருப்பும்போது பின்பக்கம் வீசிக்கொண்டு போய்ப் பக்கத்தில் நிற்பவனைச் சுவரோடு சேர்த்து அழுத்தும். சுமையை உயரத் தூக்கியபடி வளைத்தால் கவிழும். கவிழும்போது ஓட்டுபவன் உயிர்ப்பயத்தில் வெளியே பாய்வான். தலைக்கு மேலுள்ள கூட்டின் இரும்புச் சட்டம் அவன்மேல்தான் விழும். பெல்ட் போட்டு, ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து, உள்ளேயே இருந்தால் பிழைக்கலாம். இதைச் சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடம் கிடைக்காது. நாலு மணிக்குக் கொண்டெய்னர் போகவேண்டும்.

பெல்ட்டை ஆசனத்துக்குப் பின்னால் சுற்றிப் பூட்டியிருப்பார்கள், எச்சரிக்கை மணி கத்தாமல் இருக்க. பின்னுக்கு எடுக்கும்போது அலறும் கருவியின் வயரை வெட்டியிருப்பார்கள், கணக்குப்பிரிவு ஐயாவுக்குத் தலையிடி. மேல்தட்டுப் பெட்டியை எடுக்க ஏணி தேட நேரமில்லை என்று ஒரு பெடியனைக் கவையில் ஏற்றி நிறுத்தி, "பயப்படாத தம்பி" என்று பன்னிரண்டு அடிக்குத் தூக்குவார் சுப்பவைசர். இவ்வளவுக்கும் சுவரில் பாதுகாப்புதான் முதலில் என்று மூன்று மொழியிலும் எழுதியிருக்கும். வருடத்தில் ஒரு கிழமை பாதுகாப்பு வாரம். பனர், கேக், வினாடிவினா, குழுப்படம்.

பிறகு பெடியன் விழுவான். அறிக்கை வரும். காரணம்: சாரதியின் கவனக்குறைவு.

இவள்தான் நம்முடைய மலையாளக் கிழவி. பிரேக் தேய்ந்ததா? கவனக்குறைவு. பன்னிரண்டு மணி நேர ஷிப்டா? கவனக்குறைவு. லைசென்ஸ் இல்லாதவனிடம் சாவியைக் கொடுத்தது யார்? கிழவி கொடுத்திருப்பாள். கடல்கட்டியிடம் ஒரு நேர்மையாவது இருந்தது: படகுகள் திரும்பும்வரை சோறு தண்ணியில்லாமல் கரையில் நின்றாகவேண்டும் என்பது அவருக்கு விதி. நடுவில் கள் உள்ளே போகும் என்று பேர்சிவல் போட்டுக்கொடுக்கிறார். போகட்டும், ஆள் கரையில் நின்றாரே. இன்றைய சேஃப்டி ஒஃபிசர் பண்டகசாலைக்குள் வருவது படம் எடுக்கத்தான். வாய்க்கட்டும் இப்போது சுறாவுக்கு இல்லை, பார்த்தவனுக்கு.

சட்டம் இல்லாமல் இல்லை. 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டப்படி, ஒருவர் தான் செய்த வேலையில் முழுச் சம்பளம் உழைக்க முடியாமல் மூன்று நாளுக்கு மேல் முடங்கினால் உடனே எழுத்தில் அறிவிக்கவேண்டும். அதற்கும் கைமருந்து வைத்திருக்கிறார்கள் கெட்டிக்காரர்கள். இரண்டாம் நாள் காலை வீட்டு வாசலில் வேன் வந்து நிற்கும். மாக்கட்டுப் போட்ட காலோடு ஆளைத் தூக்கி வந்து, கேற்றடியில் கதிரை போட்டு, கையில் வருகைப் பதிவுப் புத்தகத்தைக் கொடுப்பார்கள். வேலைக்கு வந்துவிட்டானே! விபத்தில்லாத நாட்களைக் காட்டும் பலகையில் இலக்கம் குறையாமல் ஏறிக்கொண்டு போகும்.

அதே கதிரையில் வைத்துத்தான் கையெழுத்தும் வாங்குவார்கள். "என் கவனக்குறைவால்" என்று தாளில் முன்கூட்டியே தட்டச்சாகியிருக்கும், அதுவும் அவனுக்கு வாசிக்கத் தெரியாத சிங்களத்தில். பெயருக்கும் திகதிக்கும் மட்டும் இடம் விட்டிருப்பார்கள்.