வாடாமல்லியும் 6500 கெல்வினும்

மானிட்டர் கேலிபரேஷன் ஐந்து படிகளில் முடியும் வேலை. இதனால் யாருக்கு என்ன லாபம் என்பது ஐந்தாம் படி முடிந்ததும் விளக்கப்படும்.

முதல் படி, காத்திருத்தல். பின்னொளி நிலைப்பட அரை மணி நேரமாவது திரை எரிய வேண்டும். அதற்குள் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, நைட் லைட்டையும் டைனமிக் கான்ட்ராஸ்ட்டையும் அணைத்துவிடலாம்.

இரண்டாம் படி, இலக்கு. வெண்மை 6500 கெல்வின், காமா 2.2, வெளிச்சம் சதுர மீட்டருக்கு 120 கேண்டெலா. அச்சுக்குப் போகிற வேலையென்றால் இன்னும் குறைப்பார்கள். திரையில் தகதகத்த படம் காகிதத்தில் இருண்டு வந்தால் அச்சகத்தாரைத் திட்டுவது வழக்கம். பல நேரங்களில் குற்றவாளி திரையின் அதிகப்படி வெளிச்சமே. நிறவெளி எஸ்ஆர்ஜிபி. எல்லாத் திரையிலும் ஒரே நிறம் தெரியட்டும் என்று எச்பியும் மைக்ரோசாஃப்டும் 1996-ல் முன்வைத்தது. நோக்கம் நல்ல நோக்கம்தான்.

மூன்றாம் படி, கான்ட்ராஸ்ட். சோதனைப் படத்தில் கறுப்பை ஒட்டிய சாம்பல் பட்டைகளும் வெள்ளையை ஒட்டிய பட்டைகளும் தனித்தனியே தெரிய வேண்டும். இல்லாவிட்டால் கல்யாணப் படத்தில் மாப்பிள்ளையின் கோட்டு மடிப்பும் பட்டு வேட்டியின் நெசவும் காணாமல் போகும்.

நான்காம் படி, அளத்தல். கலரிமீட்டரைத் திரைமேல் தொங்கவிட்டால் மென்பொருள் நிறக் கட்டங்களை வரிசையாகக் காட்டும். கேட்ட நிறத்துக்கும் வந்த நிறத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கருவி அளக்கும். அதை வைத்து ஐசிசி புரொஃபைல் உருவாகும். வித்தியாசத்துக்கு டெல்டா ஈ என்று பெயர். 2-க்குக் கீழே இறங்கினால் சாதாரணக் கண் பெரும்பாலும் கண்டுபிடிக்காது.

ஐந்தாம் படி, வாட்ஸ்அப்பில் ஒப்புதல் பெறுதல். பாடநூல்கள் இதைச் சொல்வதில்லை. சென்ற வாரம் டெல்டா ஈ 1-க்கும் கீழே நின்ற ஒரு திரையிலிருந்து அரக்கு நிறக் கல்யாணப் பத்திரிகை ஒன்று புறப்பட்டது. "அரக்கு இல்லையே தம்பி, காஞ்ச மொளகா மாதிரில்ல இருக்கு" என்றார் பெண்ணின் பெரியப்பா. அவருடைய போனில் கண் பாதுகாப்பு மோடு பகலிலும் அணைவதில்லை. சார்ஜ் மிச்சம் பிடிக்கப் பிரைட்னஸ் அடிமட்டத்தில். மேலே கீறல் விழுந்த டெம்பர்ட் கிளாஸ். பார்த்த இடம் உச்சி வெயிலில் பஸ் ஸ்டாண்டு. அத்தையின் போன் விவிட் மோடில் இருந்ததால் அவருக்கு அதே அரக்கு ரத்தச் சிவப்பு. துபாய்ச் சித்தப்பாவுக்கு ஊதா. ஆதாரமாக ஸ்கிரீன்ஷாட் வந்தது. மோடின் மஞ்சள் ஸ்கிரீன்ஷாட்டில் பதிவாகாது என்பதால் அதில் நிறம் சரியாகவே இருந்தது. உடனே பெரியப்பாவின் போனை அத்தையின் போனால் படம் பிடித்து அனுப்பினார்கள். இப்போது அது அரக்குமில்லை, மிளகாயுமில்லை. சமாதானமாக, முகூர்த்தப் புடவையின் வாடாமல்லியே பத்திரிகைக்கும் வேண்டும் என்று முடிவாயிற்று. மாதிரிக்கு டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்த புடவைப் படம் வந்தது. பளீரென்ற வாடாமல்லியை அச்சின் நான்கு மைகளால் எட்ட முடியாது. இதைக் குழுவில் விளக்கியதற்குப் பதிலாகக் கட்டைவிரல் ஒன்று வந்தது. அது சம்மதமா, போதும் நிறுத்து என்பதா என்று தெளிவில்லை.

பின்னொளி நாள்பட மங்கும், வெண்மையும் நகரும். ஆகவே மாதம் ஒருமுறை முதல் நான்கு படிகளையும் திரும்பச் செய்ய வேண்டும். ஐந்தாம் படியைத் திரும்பச் செய்யத் தேவையில்லை. அது இன்னும் முடியவில்லை.