கட்-அவுட்டுக்குப் பால், கொட்டகைக்குக் கடப்பாரை

கம்பர் அடங்கிய ஊர் எங்கள் நாட்டரசன்கோட்டை. கும்பகர்ணனை எழுப்பப் பட்ட பாட்டையெல்லாம் விலாவாரியாகப் பாடிய மனுஷன். பாவம், அவர் அறிந்தது ஆறு மாதத் தூக்கம்தான். பழங்கட்டிடங்களைக் காக்கத் தமிழ்நாடு மரபு ஆணையச் சட்டம் என்று 2012-இல் ஒன்றை நிறைவேற்றிவிட்டு, 2024-இல் கண்விழித்து அதை நடைமுறைக்குக் கொண்டுவந்த கோட்டையை அவர் பார்த்ததில்லை.

அந்தத் தூக்கத்துக்கு நடுவே போனதுதான் கோயம்புத்தூர் வெரைட்டி ஹால். ரயில்வே குமாஸ்தா சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டர் வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டி, கடைசியில் கட்டிய கொட்டகை. பிற்பாடு டிலைட் என்று பேர் மாறியது. கொட்டகையால் பேர் வாங்கிய வெரைட்டி ஹால் ரோடு இருக்கிறது, கொட்டகை ஜல்லியாகிவிட்டது. தெருப்பலகையை விட்டுவைத்த பெருந்தன்மைக்கு ஒரு கும்பிடு.

மதுரை தங்கம் தியேட்டர் சட்டம் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்தது. 1952 தீபாவளிக்கு, கட்டிட வேலைகூட முழுசாக முடியாமல், 'பராசக்தி'யோடு திறந்த தியேட்டர். 2563 இருக்கைகள். ஆசியாவிலேயே பெரிசு என்று மதுரைக்காரர்கள் மார்தட்டினார்கள். அந்தப் படத்துக்கு வசனம் எழுதியவர் முதலமைச்சரானார். அவரோடு சேர்த்து, சினிமாவிலிருந்து பலரை அந்த நாற்காலியில் உட்காரவைத்தோம். அவர்களுக்குக் கைதட்டிய நாற்காலிகளைக் காப்பாற்ற ஒரு கோப்பும் நகரவில்லை. இன்று தங்கம் இருந்த இடத்தில் ஜவுளிக்கடை.

முதலாளியைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஆயிரம் நாற்காலியில் நாற்பது பேரை வைத்து அவர் எத்தனை நாள் ஓட்டுவார்? ஜிஎஸ்டி கட்ட வேண்டும், அதன்மேல் உள்ளாட்சிக்குக் கேளிக்கை வரி கட்ட வேண்டும். 1955-ஆம் வருஷச் சட்டப்படி கலெக்டரிடம் லைசென்ஸ், கட்டிட உறுதிக்குச் சான்று, தீயணைப்புக்குச் சான்று. படம் ஓட்டத்தான் இத்தனை கையெழுத்து. இடிக்கும்போது, 'ஐயா, இதற்குள் ஏதும் சரித்திரம் இருக்கிறதா?' என்று எந்த மேசையும் கேட்கவில்லை.

எங்கள் செட்டிநாட்டுச் சீமை மட்டும் என்ன வாழ்ந்தது? யுத்தகாலத்து மின்சாரத் தட்டுப்பாட்டில் ஏ.வி.எம். மெய்யப்பச் செட்டியார் பட்டணத்தைவிட்டு வந்து, தேவகோட்டை ரஸ்தாவில் கீற்றுக்கொட்டகை போட்டு 'நாம் இருவர்' எடுத்த மண் இது. படம் 1947-இல் வந்தது. அந்தப் பெருமையை மேடைக்கு மேடை முழங்கிவிட்டு, வளவுத் தூணுக்குச் சாக்பீஸால் நம்பர் போட்டு லாரியில் ஏற்றுகிறோம். பர்மா தேக்கு காரைக்குடிப் பழம்பொருள் கடையில் விலைச்சீட்டைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. பாட்டன் வீட்டுக்கே இந்தக் கதி என்றால் டூரிங் டாக்கீஸுக்கு யார் அழுவது?

ரசிகப் பெருமக்கள் அழுவார்கள், வெள்ளித்திரையில் காட்டினால். பழைய ஆபரேட்டர் ஒருவர், கார்பன் வெளிச்சம், மணல் குவித்து உட்கார்ந்த பிள்ளைகள் என்று யாராவது படமெடுக்கட்டும், கர்ச்சீப் நனையும். அதற்காகப் பல லட்சத்தில் ஒரு பழைய தியேட்டரை செட் போடுவார்கள், ஒரிஜினலை இடித்த கான்ட்ராக்டரிடமே பழைய கதவு வாங்கி.