முதுகில் எழுதிய கல்யாணம்

மாமா தன் மகள் கல்யாண சிடியை எடுப்பதைப் பார்க்க வேண்டும். கை கழுவி, வேட்டியில் துடைத்து, நடுத்துளைக்குள் ஆள்காட்டி விரலை விட்டு, சுடச்சுட ஆப்பம் எடுப்பதுபோல் எடுப்பார். பளபளக்கும் பக்கத்தில் பேரன் விரல் பட்டுவிட்டால் அன்றைக்கு அத்தைக்குத்தான் திட்டு.

அதே மாமா சிடியின் மறுபக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவை அழுத்தி, ‘பாப்பா கல்யாணம், பார்ட் 2’ என்று கல்வெட்டு வெட்டியிருந்தார்.

“கண்ணாடிப் பக்கம்தான மாப்ள படம் இருக்கு?” என்றார். மூன்று மாத கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்திருந்த நான், “ஆமா மாமா” என்றேன். கல்யாணம் நடந்த 2003-இல் எங்கள் குடும்பத்தில் என் வார்த்தைக்கு அப்பீல் கிடையாது.

கொஞ்ச நாளில் பார்ட் 2 மக்கர் பண்ண ஆரம்பித்தது. மாப்பிள்ளை இரண்டு முடிச்சுப் போடுவார். மூன்றாவது முடிச்சுக்கு நாத்தனார் குனிவார். குனிந்தவர் நிமிர மாட்டார். கட்டம் கட்டமாக உடைந்து அப்படியே நிற்பார்.

மாமா வைத்தியத்தில் இறங்கினார். தோசை மாவு பரப்புவதுபோல் துணியால் வட்டம் வட்டமாகத் துடைத்தார். அது தவறு. சிடியில் தகவல் உள்ளேயிருந்து வெளியே சுருளாக ஓடுகிறது. 80 நிமிடத் தட்டில் அந்தப் பாதையின் நீளம் ஐந்தரை கிலோமீட்டருக்கு மேல். வட்டமாகக் கீறினால் கீறல் பாதையோடு கூடவே நடக்கும். நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக இழுத்தால் குறுக்கே தாண்டிவிடும். குறுக்குக் கீறலைச் சமாளிக்க தட்டில் கூடுதல் எண்கள் இருக்கின்றன. அடுத்தடுத்த தகவலைக் கலைத்துப் போட்டுத்தான் எழுதுகிறார்கள். சுமார் இரண்டரை மில்லிமீட்டர் அழிந்தாலும் டிரைவ் கணக்குப் போட்டு மீட்டுவிடும்.

அடுத்து பற்பசை. நாத்தனார் அசையவில்லை. வீட்டில் இரண்டு நாள் புதினா வாசம்.

பிறகுதான் நான் சொன்ன ‘ஆமா’வின் விபரீதம் எனக்கே உறைத்தது. தட்டின் கனம் 1.2 மில்லிமீட்டர். அதில் கிட்டத்தட்ட முழுவதும் வெறும் பிளாஸ்டிக். அதன் முதுகில் மெல்லிய சாயம், சாயத்தின் மேல் உலோகப் பூச்சு, அதற்கு மேல் நகப்பூச்சு மாதிரி ஒரு காப்பு. அவ்வளவுதான். படம் இருப்பது சாயத்தில். லேசர் கீழிருந்து பிளாஸ்டிக்கைக் கடந்து மேலே போய்ப் படிக்கிறது. பளபளப்புப் பக்கத்தில் நுழையும்போது அதன் அகலம் முக்கால் மில்லிமீட்டர். சாயத்தைத் தொடும்போது ஒன்றரை மைக்ரான். பஸ் ஜன்னலில் தூசி இருந்தாலும் வெளியே வயல் தெரிகிறதே, அதுபோலத்தான் பேரனின் கைரேகை. பாவம், அத்தை வாங்கியதெல்லாம் வீண் திட்டு.

மாமாவிடம் இதைச் சொல்லத் தைரியமில்லை. “ரெண்டையும் காப்பி எடுத்துரலாம் மாமா” என்றேன். பழைய ரைட்டர் ஒன்று வாங்கி வைத்திருந்தேன். வேகம் 8 எக்ஸ், பத்து நிமிடத்தில் ஒரு தட்டு. மென்பொருளின் பெயர் நீரோ. ரோம் எரிந்தபோது பிடில் வாசித்ததாகச் சொல்வார்களே, அந்த ஆள். சின்னம், எரியும் கொலோசியம். அந்தக் கட்டடத்தைக் கட்ட ஆரம்பித்ததே நீரோ செத்த பிறகுதான், போகட்டும்.

சிடியில் எழுதுவதை எரிப்பது என்பார்கள். நிஜமாகவே எரிப்பதுதான். கடையில் விற்கும் பாட்டு சிடியில் குழிகளை அச்சில் அழுத்திவிடுகிறார்கள். நாம் எழுதும் தட்டில் லேசர் சாயத்தைச் சுட்டுச் சுட்டுக் கருக்குகிறது. சூடு நடுவில் நிற்கக் கூடாது. கம்ப்யூட்டர் இரண்டு நொடி தயங்கித் தகவல் வராவிட்டால், என்னுடையது போன்ற பழைய ரைட்டரில் தட்டு பாழ். விட்ட இடத்திலிருந்து தொடரும் வித்தை 2000-இலேயே வந்துவிட்டது, எனக்கு வரவில்லை. “மவுசை யாரும் தொடாதீங்க” என்று மாமா பிரசவ அறை வாசலில் நிற்பதுபோல் நின்றார்.

பார்ட் 1, முக்கால்வாசி. கரண்ட் போய்விட்டது.

தட்டை எடுத்து ஜன்னலோரம் காட்டினேன். எழுதிய இடம் ஒரு நிறம், எழுதாத விளிம்பு ஒரு நிறம், பச்சையாகத் தெரிந்தது. மாமா உற்றுப் பார்த்தார். “முக்கால் வெந்திருக்கு மாப்ள. கரண்ட் வந்ததும் மீதியை வேக வச்சிரு.”

மறுநாள் பார்ட் 1 தேறியது. பார்ட் 2 கம்ப்யூட்டரிலும் அதே இடத்தில் முனகி நின்றது. எடுத்து ட்யூப்லைட்டுக்கு எதிரே பிடித்தேன். வெளிச்சம் ஊசிமுனை அளவில் இரண்டு இடத்தில் ஊடுருவியது. ‘பார்ட்’ என்பதில் இரண்டு மெய்யெழுத்து. மாமா அழுத்தி வைத்த இரண்டு புள்ளி. காப்பும் உலோகமும் சாயமும் அங்கே பெயர்ந்துபோயிருந்தன.

ஓலைச்சுவடி எழுதியவர்கள் ஓலை பொத்துப்போகும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல் விட்டார்கள். அந்தப் புத்தி எங்கள் குடும்பத்தில் யாருக்கும் வரவில்லை.

நாத்தனார் இன்னும் குனிந்தபடிதான் இருக்கிறார். உங்கள் வீட்டுப் பீரோவிலும் கல்யாண சிடி இருக்கும். டிரைவ் வைத்த கம்ப்யூட்டர் கண்ணில் படும்போதே நகல் எடுத்துவிடுங்கள். பெயரை உறைமேல் எழுதுங்கள். தட்டில்தான் எழுதுவேன் என்பவர்கள் நடுத்துளையைச் சுற்றியிருக்கும் வெறும் பிளாஸ்டிக் வளையத்தில் எழுதுங்கள், மார்க்கரால். அங்கே எத்தனை புள்ளி வேண்டுமானாலும் வைக்கலாம்.