சொந்த விமானம் என்னும் சௌபாக்கியம்

அமெரிக்காவில் குடும்பத்தோடு ஆகாய மார்க்கமாகச் சஞ்சரிக்க ஆசைகொண்ட கிருகஸ்தர், 1956-இல் விற்பனைக்கு வந்த செஸ்னா 172 ரகத்தில், தம்மினும் மூத்த விமானம் ஒன்றைச் சகாய விலைக்கு வாங்கிவிட்டதாகப் பூரிக்கிறார். ஆண்டுதோறும் சட்டம் விதித்த பரிசோதனையில் மெக்கானிக் அதன் அங்கங்களைப் பிரித்துவைத்துப் பெருமூச்சு விடும்போதும், ஏறக்குறைய 2000 மணி நேரம் ஓடிய எஞ்சினைப் புதுப்பிக்கும்படி உற்பத்தியாளர் உபதேசிக்கும்போதும், கொடுத்த விலை வெறும் முன்பணமே என்பது புலனாகிறது. ஆசனங்கள் நான்கு என்பது மெய்யே. எனினும் எரிபொருளை முழுக்க நிரப்பினால் எடைக் கணக்கு நான்கு பெரியவர்களுக்கு இடங்கொடாதாகையால், பெட்டியைக் குறைப்பதா, பெட்ரோலைக் குறைப்பதா, பெற்றோரைக் குறைப்பதா என்னும் தர்மசங்கடம் நேர்கிறது. மேகம் தாழக் கவிந்தாலோ, கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் தகுதி பெறாதவருக்குப் பிரயாணமே இல்லை. ஆகவே, விமானம் வாங்கும் குடும்பஸ்தர்கள் காரை விற்றுவிடாதிருப்பது உத்தமம்.