ஹீரோ, எலி, மற்றும் பீர் கேன் எறிந்த பெருமக்கள்

2013-ல் வந்த 'ரஷ்' என்ற ஹாலிவுட் படத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். அதன்படி, 1976 ஃபார்முலா ஒன் சீஸனில் ஜேம்ஸ் ஹன்ட்டும் நிக்கி லௌடாவும் ஜென்ம விரோதிகள். ஒருவர் மூச்சுக்காற்று மற்றவருக்கு ஆகாது. பிரமாதமான படம்தான், ஒரே ஒரு சின்னச் சிக்கல். நிஜ ஹன்ட்டும் நிஜ லௌடாவும், சின்னச் சின்ன ரேஸ்களில் அல்லாடிக்கொண்டிருந்த காலத்திலேயே லண்டனில் ஒரே ஃப்ளாட்டில் தங்கியிருந்த சிநேகிதர்கள்!

அப்படியானால் அந்த வருஷம் உருண்டு புரண்டு சண்டை போட்டது யார்? வேறு யார், ரசிகர்கள்தான். இங்கிலாந்துக்காரர்கள் ஒரு பக்கம், இத்தாலிக்காரர்கள் ஒரு பக்கம். நடுவில் ரூல் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் கூச்சல் அதிகமோ அந்தப் பக்கமாகப் பார்த்துப் புரட்டிய அதிகாரிகள்.

முதலில் இங்கிலாந்தின் ஹீரோவைப் பார்த்துவிடலாம். ஹன்ட் ஆறடிக்கு மேல் உயரம். தோளில் புரளும் பொன்னிற முடி. கோட்டு சூட்டு போட்டு வரவேண்டிய விருந்துக்கு ஜீன்ஸும் டி-ஷர்ட்டுமாக, செருப்புகூட இல்லாமல் வந்து நிற்பார். ரேஸ் உடையின் நெஞ்சில் ஒரு பேட்ச் தைத்திருந்தார். 'சாம்பியன்களின் காலை உணவு' என்று அமெரிக்காவில் ஒரு சீரியல் டப்பாவுக்கு விளம்பரம் உண்டு. ஹன்ட் அதில் சீரியலை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் 'செக்ஸ்' என்று போட்டுக்கொண்டார்!

இப்பேர்ப்பட்ட மன்மதன் ஒவ்வொரு ரேஸுக்கு முன்னும் என்ன செய்வார் தெரியுமா? ஒரு ஓரமாகப் போய் வாந்தி எடுப்பார். பயம். ஸ்டார்ட்டிங் கிரிடில் உட்கார்ந்தால் அவர் நடுங்குகிற நடுக்கத்தில் காரே ஆடும். இன்ஜின் ஓடுவதால் ஆடுகிறது என்று ரசிகர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

அவருக்கு சீட் கிடைத்த கதையே ஒரு கூத்து. அதுவரை ஹன்ட் ஓட்டியது லார்டு ஹெஸ்கெத் என்ற இளம் பிரபுவின் டீமுக்கு. டீமின் சின்னம், ஹெல்மெட் போட்ட கரடி பொம்மை. ஸ்பான்ஸர் கிடையாது (ஸ்பான்ஸரிடம் கை நீட்டுவது பிரபுக்களுக்கு அழகா?). ரோல்ஸ் ராய்ஸ், ஹெலிகாப்டர், ஷாம்பெயின் என்று அமர்க்களப்பட்டதில் 1975 கடைசியில் காசு தீர்ந்துபோனது. ஹன்ட் நடுத்தெருவில் நின்ற அதே சமயத்தில், இரண்டு முறை சாம்பியனான பிரேஸில்காரர் எமர்ஸன் ஃபிட்டிபால்டி, மெக்லாரன் என்ற முதல்தரமான டீமை உதறிவிட்டு அண்ணனின் டீமில் போய்ச் சேர்ந்தார். அந்த டீமுக்குப் பணம் போட்டவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? பிரேஸில் நாட்டு சர்க்கரைக் கூட்டுறவு சங்கம். காலியான மெக்லாரன் சீட் ஹன்ட்டுக்குக் கிடைத்தது. ஆக, அவருக்கு உலகப் பட்டத்துக்கான வழியைத் திறந்துவிட்டது ஒரு கரும்புக் கூட்டுறவு!

இந்தப் பக்கம் லௌடா. வியன்னா நகரத்துப் பெரிய தொழிலதிபர் வீட்டுப் பையன். தாத்தாவுக்கு ரேஸ் என்றாலே ஆகாது. லௌடா என்ற பெயர் பேப்பரில் வியாபாரப் பக்கத்தில் வரவேண்டுமே தவிர ஸ்போர்ட்ஸ் பக்கத்தில் வரக்கூடாது என்பது அவர் கொள்கை. பேரன் என்ன செய்தார்? இன்ஷூரன்ஸ் பாலிஸியை ஈடு வைத்து பேங்கில் கடன் வாங்கி ரேஸ் டீமில் சீட் வாங்கினார். ரேஸ் டிரைவர் ஒருவரின் லைஃப் இன்ஷூரன்ஸை நம்பிப் பணம் கொடுத்த அந்த பேங்க் மேனேஜருக்குத்தான் முதல் கோப்பையைக் கொடுத்திருக்க வேண்டும்.

கோப்பை என்றதும் ஞாபகம் வருகிறது. லௌடா ஜெயித்த கோப்பைகள் எங்கே போயின தெரியுமா? ஊரில் இருந்த ஒரு கராஜுக்கு! கோப்பைகளை அவர்கள் ஷோவுக்கு வைத்துக்கொள்ளலாம், பதிலுக்கு இவர் காரை ஓசியில் கழுவித்தர வேண்டும். லௌடா ஓட்டியது இத்தாலியின் ஃபெராரி டீமுக்கு. இத்தாலிய ரசிகர்கள் ஃபெராரியைக் கோயிலாகவே கும்பிடுகிறவர்கள். அந்தக் கோயிலுக்கு வாய்த்த அர்ச்சகர், தட்டில் விழும் சில்லறையை எண்ணுகிற ரகம்.

பல் கொஞ்சம் முன்னால் துருத்திக்கொண்டிருந்ததால் லௌடாவுக்கு ரேஸ் வட்டாரத்தில் 'எலி' என்று பட்டப்பெயர். ஹன்ட்டுக்கு மட்டும் என்ன வாழ்ந்தது? அடிக்கடி காரை மோதி நொறுக்குவதால் 'ஹன்ட் தி ஷன்ட்' என்று எதுகையோடு பெயர் வைத்திருந்தார்கள்.

சீஸன் தொடங்கி லௌடா வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தபோது, உலகின் மிக வேகமான அந்த மனிதரை ஒரு வண்டி கவிழ்த்துவிட்டது. எந்த வண்டி? டிராக்டர். வீட்டுத் தோட்டத்தில் ஓட்டும்போது மேலேயே சாய்ந்து, விலா எலும்பு முறிந்தது. அந்த விலாவோடு மே மாதம் ஸ்பெயினுக்குப் போய் இரண்டாவது இடம் பிடித்தார். ஜெயித்தவர் ஹன்ட்.

ஜெயித்த சந்தோஷம் கொஞ்ச நேரம்தான் நீடித்தது. காரை அளந்தார்கள். அனுமதித்த அகலத்தைவிட 1.8 சென்டிமீட்டர் கூடுதல்! டயர் பிதுங்கியதால் வந்த வினை. வெற்றி ரத்து. இதில் வேடிக்கை என்னவென்றால், இருக்கிற கார்களிலேயே அகலமானது என்று மெக்லாரனை அளந்து பார்த்துத்தான் அந்த ரூலையே போட்டிருந்தார்கள். மாப்பிள்ளையை அளந்து தைத்த சட்டை மாப்பிள்ளைக்கே சேரவில்லை. அப்பீல் செய்து, ஜூலையில் அபராதத்தோடு வெற்றி திரும்பக் கிடைத்தது. இங்கிலாந்து ரசிகர்கள் 'நீதி வென்றது' என்றார்கள். இத்தாலிய ரசிகர்கள் 'அளக்கத் தெரியாதவர்கள்' என்றார்கள்.

(நடுவில் ஸ்வீடனில் டிரெல் டீமின் கார் ஒன்று ஜெயித்தது. அதற்கு ஆறு சக்கரம்! முன்னால் குட்டியாக நாலு, பின்னால் பெரிதாக இரண்டு. ஓட்டி ஜெயித்த ஜோடி ஷெக்டருக்கே அந்தக் கார் பிடிக்காது. ரசிகர்களுக்கு உயிர். காரை ஓட்டவேண்டிய கஷ்டம் அவர்களுக்கு இல்லையே.)

இத்தனை கலாட்டாவையும் டிவியில் பார்த்து ரசிக்க இங்கிலாந்துக்காரர்களுக்குக் கொடுத்து வைக்கவில்லை. காரணம் ஆணுறை. ஜான் சர்டீஸ் என்ற முன்னாள் சாம்பியன் தன் டீம் காரில் டூரெக்ஸ் விளம்பரத்தை ஒட்டியிருந்தார். பிபிசி வெட்கத்தில் சிவந்து, கேமராக்களைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டது. அதே 1976-ல் நம் நாட்டில் சுவர் சுவராகக் குடும்பக் கட்டுப்பாட்டின் சிவப்பு முக்கோணம் வரைந்துவைத்திருந்தார்கள். யாரும் கண்ணை மூடிக்கொண்டு நடந்ததாகத் தெரியவில்லை.

டிவி இல்லாவிட்டால் என்ன, நேரிலேயே போவோம் என்று ஜூலை 18 அன்று பிராண்ட்ஸ் ஹாட்ச் மைதானத்தில் ஜனம் திரண்டது. அந்த நாளின் கதாநாயகன் ஹன்ட்டும் இல்லை, லௌடாவும் இல்லை. காலரியில் வெயிலில் பீர் குடித்துக்கொண்டிருந்த பொதுஜனம்!

முதல் வளைவிலேயே லௌடா மீது ஒருவர் மோதினார். யார்? அவருடைய சொந்த ஃபெராரி டீமின் இன்னொரு டிரைவர் ரெகசோனி. (விரோதி வெளியில் எதற்கு?) அந்தக் குழப்பத்தில் ஹன்ட்டின் கார் எகிறி விழுந்து அடிபட்டது. ரேஸை நிறுத்தினார்கள். மறுபடி ஸ்டார்ட். ஆனால் ஹன்ட் முழுச் சுற்றையும் முடிக்காமல், கொல்லைப்புறக் குறுக்கு வழியில் காரைப் பிட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அதனால் அவர் மறுபடி ஓட்டக்கூடாது என்று மைக்கில் அறிவித்தார்கள்.

அறிவித்தவர் வாழ்நாள் முழுக்க வருத்தப்பட்டிருப்பார். டீக்கு எத்தனை ஸ்பூன் சர்க்கரை என்று கேட்பதற்கே மூன்று முறை மன்னிப்புக் கேட்கிற ஆங்கிலேய கனவான்கள் அன்று கூச்சல் போட்டார்கள், காலால் தரையை உதைத்தார்கள், ஹன்ட் வேண்டும் என்று கோஷமிட்டார்கள். ரேஸ் பாதையில் பீர் கேன்கள் பறந்தன. அதிகாரிகள் ரூல் புத்தகத்தைப் பார்த்தார்கள், கூட்டத்தைப் பார்த்தார்கள், மறுபடி ரூல் புத்தகத்தைப் பார்த்தார்கள். ரூல் புத்தகம் பீர் கேன் எறியாது. அவர்கள் ஆலோசனையை முடிப்பதற்குள் மெக்லாரன் மெக்கானிக்குகள் அடிபட்ட காரை ரிப்பேர் செய்து ஸ்டார்ட்டிங் கிரிடில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். ஹன்ட் ஓட்டலாம் என்று தீர்ப்பு மாறியது. லௌடாவை முந்தி அவர் ஜெயிக்கவும் செய்தார். ரசிகர்களுக்குப் பரம திருப்தி. ஃபெராரி புகார் எழுதிக்கொண்டிருந்தது.

அடுத்து ஜெர்மனியின் நூர்பர்க்ரிங். இங்கே கிண்டலைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிடுகிறேன். ஒரு சுற்றே கிட்டத்தட்ட 23 கிலோமீட்டர். அத்தனை தூரத்துக்கு ஆம்புலன்ஸும் தீயணைப்பும் வைக்கவே முடியாது, ரேஸே வேண்டாம் என்று முன்கூட்டியே சொன்னவர் லௌடா. மற்ற டிரைவர்கள் ஓட்டுப் போட்டு அவரைத் தோற்கடித்தார்கள். ஆகஸ்ட் 1 அன்று அதே பாதையில் அவர் கார் மோதித் தீப்பிடித்தது. சக டிரைவர்கள் நான்கு பேர் இறங்கி ஓடிவந்து அவரை இழுத்துப் போட்டார்கள். நுரையீரல் வெந்து, ஆஸ்பத்திரியில் பாதிரியார் வந்து கடைசிப் பிரார்த்தனையே சொல்லிவிட்டார். அதைக் கேட்டதும் தனக்கு வந்தது கோபம்தான் என்று லௌடா பின்னால் சொன்னார்.

அவர் படுக்கையில் கிடந்தபோது ஃபெராரி என்ன செய்தது? அடுத்த ஆஸ்திரிய ரேஸில் கலந்துகொள்ளாமல் கோபித்துக்கொண்டது. அடேடே, எத்தனை பாசம் என்று உருகிவிடாதீர்கள். கோபம் ஹன்ட்டுக்குச் சாதகமான தீர்ப்புகளின் மீது! கூடவே, கார்லோஸ் ராய்டமன் என்ற அர்ஜென்டினாக்காரரை லௌடா இடத்துக்குப் பேசி முடித்துவிட்டது. அந்த ஆஸ்திரிய ரேஸில் ஜெயித்த ஜான் வாட்சன், டீம் முதலாளியோடு கட்டிய பந்தயப்படி ஆசையாக வளர்த்த தாடியை மழித்தார். அந்த சீஸனில் முணுமுணுக்காமல் விதிமுறைக்குக் கட்டுப்பட்டவர் அவர் ஒருவர்தான்.

செப்டம்பர் 12, இத்தாலியின் மோன்ஸா. ஆறே வாரத்தில் லௌடா திரும்பி வந்து நின்றார். தலையெல்லாம் கட்டு, ஒரு காதில் பாதி இல்லை, ஹெல்மெட்டைக் கழற்றினால் உள்ளே ரத்தம். நாலாவது இடம் பிடித்தார். இத்தாலி முழுக்கக் கண்ணீர் விட்டது. அவருக்குப் பதிலாக வந்த ராய்டமன் ஒன்பதாவது இடம். சாவை ஜெயித்த மாவீரன் என்று எழுதினார்கள். இருக்கட்டும், ஆனால் உங்கள் நாற்காலியில் ஆபீஸ் இன்னொருவரை உட்கார வைத்திருந்தால் நீங்களும் லீவை கேன்சல் செய்துவிட்டு ஓடிவந்திருப்பீர்கள்.

அதே மோன்ஸாவில் ஹன்ட்டின் பெட்ரோலைச் சோதித்தார்கள். ஆக்டேன் அளவு கொஞ்சம் கூடுதலாம். கடைசி வரிசைக்குப் போ என்றார்கள். பின்னாலிருந்து அவசரமாக வந்தவர் பாதையை விட்டு விலகி மாட்டிக்கொண்டு, ரசிகர்கள் ஊளையிட ஊளையிட நடந்தே திரும்பினார். அது போதாதென்று அந்த மாதக் கடைசியில் பிராண்ட்ஸ் ஹாட்ச் வெற்றியையும் பிடுங்கி லௌடாவிடம் கொடுத்தார்கள். கூட்டத்துக்குப் பயந்து கொடுத்ததை, கூட்டம் கலைந்து இரண்டு மாதம் கழித்துத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்!

மூன்று ரேஸ் பாக்கி, லௌடா 17 பாயின்ட் முன்னால். ஹன்ட் கனடாவிலும் அமெரிக்காவிலும் வரிசையாக ஜெயித்து அதை 3 ஆக்கினார். கடைசி ரேஸ் அக்டோபர் 24, ஜப்பானின் ஃபூஜி.

அன்று ஃபூஜி மலையையே காணோம். அப்படி ஒரு மழை, பனிமூட்டம். ஓட்டலாமா வேண்டாமா என்று மணிக்கணக்காகப் பேசினார்கள். உலகம் முழுக்க டிவிக்காரர்கள் சாட்டிலைட் நேரம் வாங்கி வைத்திருந்தார்கள். சாட்டிலைட் மழைக்கு ஒதுங்குமா? ரேஸ் தொடங்கியது. இரண்டு சுற்று ஓட்டிவிட்டு லௌடா காரை நிறுத்தி இறங்கிவிட்டார். தீயில் கண்ணிமை வெந்து, சரியாகச் சிமிட்டக்கூட முடியாத மனிதர். இது பைத்தியக்காரத்தனம், உயிர்தான் முக்கியம் என்றார். இன்ஜின் கோளாறு என்று சொல்லிச் சமாளிக்கலாம் என்று டீம் சொல்லிக்கொடுத்தது. வேண்டாம், எனக்குப் பயமாக இருக்கிறது என்றே சொல்லுங்கள் என்றார். ஆறு வாரத்துக்கு முன் மாவீரன் என்று அழுத இத்தாலியப் பத்திரிகைகள், அதே பேனாவால் கோழை என்று எழுதின.

ஹன்ட்? முன்னணியில் இருந்தார். மழை விட்டுப் பாதை காய, மழை டயர் தேய்ந்துகொண்டே வந்தது. டயர் மாற்ற வரச்சொல்லி டீம் சொல்லும் என்று அவர் காத்திருந்தார். அவராக வருவார் என்று டீம் காத்திருந்தது. கடைசியில் டயரே ஒரு முடிவுக்கு வந்து பஞ்சரானது. மாற்றிக்கொண்டு வெளியே வந்தால் ஐந்தாவது இடம், சில சுற்றுகளே பாக்கி. கண்மண் தெரியாமல் ஓட்டி, இரண்டு பேரை முந்தி முடித்தார். தனக்கு எந்த இடம் என்று அவருக்கே தெரியாது. பட்டம் போய்விட்டது என்று நினைத்து, இறங்கிய வேகத்தில் டீம் முதலாளி டெடி மேயரைப் பிடித்துக் கிழிகிழி என்று கிழித்தார். மேயர் பரிதாபமாக மூன்று விரலைக் காட்டிக்கொண்டே நின்றார். மூன்றாவது இடம்! 69-க்கு 68. ஒரே பாயின்ட்டில் உலக சாம்பியன், சொந்த முதலாளியைத் திட்டிக்கொண்டிருந்தபோது பட்டம் பெற்றார். (அன்று ரேஸில் ஜெயித்தது மரியோ ஆன்ட்ரெட்டி. பாவம், யாருக்கு ஞாபகம் இருக்கிறது?)

அடுத்த வருஷம் அந்தக் 'கோழை' ஃபெராரிக்கு மறுபடி உலகப் பட்டம் வாங்கிக் கொடுத்தார். கொடுத்த கையோடு, சீஸன் முடிய இரண்டு ரேஸ் மீதமிருக்கையிலேயே ஃபெராரியை விட்டுக் கிளம்பினார். தீக்காயத்தை மறைக்கப் போட்ட தொப்பியில் இருக்கும் இடத்தையும் ஸ்பான்ஸருக்கு விற்றார். கராஜுக்குக் கோப்பை கொடுத்த ஆளிடம் வேறென்ன எதிர்பார்த்தீர்கள்?

ஹன்ட் 1979-ல் ரேஸை விட்டார். வீட்டில் பட்ஜெரிகர் கிளிகள் வளர்த்தார். 1980-ல் அவரைக் கமென்டரி சொல்ல வேலைக்கு எடுத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? ஆணுறை ஸ்டிக்கரைப் பார்த்து ஓட்டம் பிடித்த அதே பிபிசி! மொனாக்கோவில் காலில் மாவுக்கட்டோடு வந்து உட்கார்ந்தவர், இரண்டு பாட்டில் ஒயினைக் காலி செய்தபடி, அந்தக் கட்டுப்போட்ட காலைத் தூக்கிப் பக்கத்தில் இருந்த சீனியர் கமென்டேட்டர் மர்ரே வாக்கரின் மடியில் வைத்துக்கொண்டார். வாக்கர், காலை இறக்காமலே கமென்டரியைத் தொடர்ந்தார்.